டீசலில் ஊற்றும் ‘மருந்து’: அளவும் வேண்டும், கவனமும் வேண்டும்



நம் குழுக்களில் சிலர் பொருளாதாரக் கடன் பெற்று, பழைய மினி லாரி வாங்கி வாடகைக்கு ஓட்டி வருகிறார்கள். அப்படி ஒரு குழுவின் கூட்டத்திற்குப் போன மாதம் சென்றிருந்தோம். வரவு செலவு நோட்டைப் புரட்டியபோது, ‘டீசல் மருந்து’ என்று ஒரே மாதத்தில் நான்கு தடவை செலவு எழுதியிருந்தது.

“இது எதுக்கு அக்கா?” என்று கேட்டோம்.

“டிரைவர் தம்பி சொன்னுச்சு மேடம். ஊத்துனா மைலேஜ் கூடுமாம்” என்றார் ஊக்குநர்.

“கூடுச்சா?” என்றோம். யாரிடமும் பதில் இல்லை. மருந்தைக் காட்டச் சொன்னால், சமையல்கட்டு அலமாரியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்தார்கள். அதில்தான் ஊற்றி வைத்திருந்தார்கள்! வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். எங்களுக்குப் பகீரென்றது. இந்த மாதப் பாடமே அதனால்தான்.

மருந்து என்ன செய்யும்?

டீசலை இன்ஜினுக்குள் பூப்போலத் தூவுவது இன்ஜெக்டர். அதில் படியும் கசடை நீக்க ஒரு வகை மருந்து இருக்கிறது. டீசல் சீக்கிரம் பற்றிக்கொள்ள இன்னொரு வகை. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பங்குகளில் கிடைப்பது பி.எஸ்.6 தர டீசல். நல்ல பங்கில் டீசல் போட்டு, வண்டியும் நன்றாக ஓடினால், ஒவ்வொரு தடவையும் மருந்து ஊற்றத் தேவையே இல்லை.

முதலில் நோயைப் பாருங்கள்

காய்ச்சல் எதனால் என்று தெரியாமல் மாத்திரை போடுவோமா? வண்டியும் அப்படித்தான்.

- கரும்புகை வந்தால், ஏர் பில்டர் அடைத்திருக்கலாம். இன்ஜெக்டரிலும் கோளாறு இருக்கலாம்.
- நீலப்புகை வந்தால், இன்ஜின் ஆயில் எரிகிறது. டீசலில் எந்த மருந்து ஊற்றினாலும் இது தீராது.
- வண்டி திக்கித் திக்கி ஓடினால், டீசலில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். டீசல் பில்டரின் அடியில் சேரும் தண்ணீரை மெக்கானிக்கை வைத்து வடித்துவிடச் சொல்லுங்கள்.

பழைய வண்டியின் டேங்கில் பல வருஷக் கசடு இருக்கும். மருந்து அதைக் கரைத்துக் கிளப்பிவிட்டால் பில்டர் அடைத்து, வண்டி நடுவழியில் நிற்கும். அதனால் முதலில் டேங்கைச் சுத்தம் செய்து, புது பில்டர் மாட்டி, அதன் பிறகு ஊற்றுங்கள்.

ஊற்றும் முறை

பயிருக்கு மருந்தடிக்கும்போது டேங்குக்கு இத்தனை மில்லி என்று அளந்துதானே ஊற்றுகிறோம்? இதற்கும் அளவு உண்டு. டப்பாவில் 1:1000 என்று போட்டிருந்தால், 1000 லிட்டர் டீசலுக்கு 1 லிட்டர் மருந்து. அப்படியானால் 30 லிட்டருக்கு 30 மில்லிதான். கூட ஊற்றினால் கூடப் பலன் கிடைக்காது, கெடுதல்தான். இன்ஜினை நிறுத்திவிட்டு, முதலில் மருந்தை ஊற்றி, பிறகு டீசல் போட்டால் நன்றாகக் கலக்கும். ஒரே சமயத்தில் இரண்டு வகை மருந்து வேண்டாம்.

இவற்றை ஊற்றவே கூடாது

- மண்ணெண்ணெய்: டீசலுக்கு இருக்கும் வழவழப்பு இதற்கு இல்லை. பம்ப்பும் இன்ஜெக்டரும் தேய்ந்துபோகும். ரேஷன் மண்ணெண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படியும் குற்றம்.
- பெட்ரோல்: சட்டென்று தீப்பிடிக்கும்.
- யூரியா கரைசல்: சில புது வண்டிகளில் இதற்குத் தனி டேங்க் உண்டு. டீசல் டேங்கில் மாற்றி ஊற்றிவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

உயிருக்குப் பாதுகாப்பு

- மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே, லேபிளோடு, பூட்டி வையுங்கள். அடுப்பங்கரையில் வேண்டாம். காலி டப்பாவில் தண்ணீரோ எண்ணெயோ பிடிக்காதீர்கள்.
- ஊற்றும்போது கையுறை போடுங்கள். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது.
- டியூபை வாயில் வைத்து டீசல் உறிஞ்சுவதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலும் உயிருக்கே ஆபத்து.
- யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிட்டு, டப்பாவையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.
- கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, மருத்துவரிடம் காட்டுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடுகிறது, டீசல் விலை 90 ரூபாய், ஒரு டேங்குக்கு மருந்துச் செலவு 180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 180 ரூபாய் என்பது 2 லிட்டர் டீசல். அப்படியென்றால், அந்த டேங்கில் வண்டி 24 கிலோமீட்டர் கூட ஓடினால்தான் போட்ட காசே திரும்பும். அதற்குக் குறைந்தால் நஷ்டம். ஒவ்வொரு தடவையும் தேதி, லிட்டர், கிலோமீட்டர் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். யார் என்ன சொன்னாலும் நோட்டு உண்மையைச் சொல்லிவிடும்.

நாங்கள் பார்த்த குழுவினர் அன்றைக்கே அந்தப் பாட்டிலை வீட்டை விட்டு வெளியேற்றி, இந்த நோட்டையும் ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் வண்டிக்கு என்ன ஊற்றுகிறோம்? அதை யார் முடிவு செய்கிறார்கள்?
2. டப்பா இப்போது எங்கே இருக்கிறது? பிள்ளைகள் கைக்கு எட்டுமா?
3. போன மாதம் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது?

வண்டியை ஓட்டுவது டிரைவராக இருக்கலாம். கடனைக் கட்டுவது நாம்தானே, சகோதரிகளே! கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம்.