கேட்கப் பழகுதல்
காயமுற்ற குழந்தைகளுக்குத் துணை நிற்போருக்கான பயிற்சி

பள்ளிகள், மாணவர் இல்லங்கள், மாலைநேர வகுப்புகள், மருத்துவ முகாம்கள் என்று குழந்தைகள் வந்து கூடும் இடங்களில் தொண்டாற்றும் அன்பர்கள் பலர் இவ்விதழின் வாசகர்களாக இருக்கிறார்கள். அவர்களுள் எவரிடமாவது ஒரு நாள் ஒரு குழந்தை வந்து, தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லத் தொடங்கலாம். அந்தச் சில நிமிடங்களில் பெரியவர் நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்தே குழந்தை மேற்கொண்டு பேசும், அல்லது பல ஆண்டுகளுக்கு வாய் மூடிவிடும். உள்ளத்தில் அன்பு இருந்தால் தக்க சொற்கள் தாமாகவே வரும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இத்துறையில் பணியாற்றுவோரின் அனுபவம் அப்படி இல்லை. அன்பின் மிகுதியால் நம் வாயில் எழும் முதற்சொற்களே பல வேளைகளில் குழந்தையை மேலும் வருத்துகின்றன.

இது எங்கோ அரிதாக நிகழ்வது என்று ஒதுக்கிவிடவும் இயலாது. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, பதின்மூன்று மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தப்பட்டது. அவர்களுள் 53 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகக் கூறினர். அவ்வாறு கூறியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிறுவர்கள். துன்புறுத்தியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள், அல்லது அதன் நம்பிக்கைக்கும் பொறுப்புக்கும் உரியவர்கள். குழந்தைகளில் பெரும்பாலோர் நடந்ததை எவரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடைசிச் செய்தியே பயிற்சியின் தேவையை நமக்கு உணர்த்த வேண்டும்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ சட்டம், 2012-ஆம் ஆண்டு நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் கீழ் 2020-இல் வகுக்கப்பட்ட விதிகள், குழந்தைகள் தங்கும் அல்லது தொடர்ந்து வந்துபோகும் எந்த நிறுவனமும் தன் பணியாளர்கள் அனைவரையும் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்றும், அவர்களுக்குக் காலமுறைப்படி பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. ‘அனைவரும்’ என்பதில் ஆசிரியர், சமையற்காரர், காவலாளி, வண்டியோட்டி எல்லோரும் அடங்குவர். நடைமுறையில் இந்தப் பயிற்சி பல இடங்களில் அரை நாள் சொற்பொழிவாகவும், மாலையில் வழங்கப்படும் சான்றிதழாகவும் சுருங்கிவிடுகிறது. சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்த ஒருவருக்கு, எதிரே ஒரு சிறுமி அழாமல், முகத்தில் எந்தச் சலனமும் இன்றித் தனக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது என்ன செய்வது என்று தெரிவதில்லை.

இங்கு ஒரு சொல்லைப் பற்றிச் சற்றுக் கூறவேண்டும். ஆங்கிலத்தில் ‘ட்ராமா’ என்று வழங்குவதை நாம் ‘மன அதிர்ச்சி’ என்று மொழிபெயர்க்கிறோம். கிரேக்க மொழியில் அதன் பொருள் ‘காயம்’ என்பதே. அதிர்ச்சி ஒரு கணத்தில் வந்து போய்விடும், காயமோ இருந்துகொண்டிருக்கும், தொட்டால் வலிக்கும், தொடாமலும் வலிக்கும். திடுக்கிட்டு விழித்தல், படுக்கையை நனைத்தல், காரணமின்றிச் சீறுதல், படிப்பில் திடீரெனப் பின்தங்குதல் ஆகியவை அதன் அடையாளங்களாக இருக்கலாம். மிதமிஞ்சிய பணிவும் அப்படியே. விடுதிகளில் எதற்கும் மறுப்புச் சொல்லாத பிள்ளையை நாம் மெச்சுகிறோம். அச்சத்தினால் அடங்கிப்போன பிள்ளையும் வெளிப்பார்வைக்கு அப்படித்தான் தோன்றும். ஆயினும் இவற்றுள் எந்த ஒன்றை மட்டும் வைத்தும் முடிவுகட்டக் கூடாது. தந்தை வேலையிழந்த வீட்டுப் பிள்ளையும் படிப்பில் பின்தங்கலாம்.

முதற்சொற்கள்

இத்தகைய பயிற்சிகளில் கையாளப்படும் எளிய முறை ஒன்று உண்டு. வந்திருப்பவர்களை இருவர் இருவராக அமரச் செய்து, தம் வாழ்க்கையில் வெளியே சொல்லக் கூசும் ஒரு நிகழ்ச்சியை நினைத்துக்கொள்ளுமாறு கூறுவார்கள். பிறகு, ‘இப்போது அதை அடுத்திருப்பவரிடம் விவரமாகச் சொல்லுங்கள்’ என்பார்கள். அரங்கம் அமைதியாகிவிடும். சிலர் சிரித்து மழுப்புவார்கள், சிலர் எழுந்துவிடுவார்கள். உண்மையில் எவரும் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சி அங்கேயே நிறுத்தப்படும். வயது முதிர்ந்த, படித்த, பாதுகாப்பான அறையில் அமர்ந்திருக்கும் நமக்கே இவ்வளவு தயக்கம் என்றால், எட்டு வயதுக் குழந்தை காவலரிடமும் மருத்துவரிடமும் நீதிமன்றத்திலும் எதைச் செய்யுமாறு கேட்கப்படுகிறது என்பது அப்போது விளங்கத் தொடங்கும்.

அடுத்து, கேள்விகளைப் பற்றிய பாடம். ‘ஏன்?’ என்று கேட்பதைத் தத்துவம் பயின்றவர்கள் மிக உயர்ந்த கேள்வியாகக் கருதுவோம். இங்கே அதைக் கைவிட வேண்டியிருக்கிறது. ‘ஏன் அப்போதே சொல்லவில்லை?’, ‘ஏன் அங்கே தனியாகப் போனாய்?’ என்பவை நமக்கு விசாரணையாகத் தோன்றலாம். குழந்தையின் காதில் அவை குற்றச்சாட்டாகவே விழுகின்றன. விடையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் கேள்விகளும் ஆகா. ‘அவர் உன்னை இங்கே தொட்டாரா?’ என்று கேட்டால், பெரியவரை மகிழ்விக்க விரும்பும் குழந்தை தலையாட்டக்கூடும். பின்னர் அதுவே வழக்கைக் குலைக்கும். குற்றமற்ற ஒருவர் மீது பழி விழவும் இடமுண்டு. ‘என்ன நடந்தது என்று உனக்கு விருப்பமான அளவு சொல்’, ‘அதற்குப் பிறகு?’ என்ற அளவில் நிற்பதே முறை. முழு வரலாற்றையும் தோண்டி எடுப்பது முதலில் கேட்பவரின் வேலை அன்று. கேட்டதைக் குழந்தையின் சொற்களிலேயே குறித்துக்கொண்டு, உரியவர்களிடம் சேர்ப்பித்தால் போதும்.

சொல்லவேண்டியவை மிகச் சில. ‘நீ சொன்னது நல்லது. நடந்ததற்கு நீ காரணம் இல்லை. அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை உனக்கும் சொல்வேன்.’ இவற்றைப் பதற்றமில்லாத குரலில் சொல்ல வேண்டும். பெரியவர் அழுதாலோ கொதித்தெழுந்தாலோ, தான் அவரை வருத்திவிட்டதாக எண்ணிக் குழந்தை மேலே பேசாது.

நம்மைப் போன்றவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆறுதல் கூறும் எண்ணத்தில், ‘எல்லாம் முன்வினை, மறந்துவிடு’ என்றோ, ‘மன்னிப்பதே பெருமை’ என்றோ நாம் சொல்லிவிடுகிறோம். வினைக் கொள்கை என்பது ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே ஆராயும்போது கைக்கொள்ளும் விளக்கம். அடிபட்டுக் கிடக்கும் பிறருக்கு, அதிலும் ஒரு குழந்தைக்கு, அதை வழங்க நமக்கு எந்த அதிகாரமும் இல்லை. ‘நான் செய்த ஏதோ ஒன்றுக்காகத்தான் எனக்கு இது நடந்தது’ என்று முன்பே நம்பிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, அந்த நம்பிக்கையைப் பெரியவர் ஒருவரே உறுதிப்படுத்திவிட்டதாக ஆகும். சாஸ்திரம் கற்றவர் சொன்னால் அதன் பாரம் இன்னும் கூடுதல்.

இரகசியம் காப்பதாக வாக்களிக்கலாமா?

பயிற்சிகளில் மிகுதியான விவாதத்தை எழுப்புவது இந்தக் கேள்வியே. ‘யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் சொல்வேன்’ என்கிறது குழந்தை. வாக்களித்தால் அது பேசும். ஆனால் அந்த வாக்கைக் காப்பாற்ற இயலாது. பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்த எவரும் அதைக் காவல்துறைக்கு அல்லது சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறுவது தண்டனைக்குரியது. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழ்ப்பட்டவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. நல்லெண்ணத்துடன் தெரிவித்தவருக்குச் சட்டம் பாதுகாப்பும் அளிக்கிறது.

இந்த விதியை எல்லோரும் வரவேற்கவில்லை. புகார் கட்டாயம் என்று தெரிந்தால் குழந்தைகளும் தாய்மார்களும் உதவி தேடியே வரமாட்டார்கள் என்பது ஆலோசகர்கள் சிலரின் கவலை. குடும்பத்திற்குச் சோறு போடும் உறவினரே குற்றம் புரிந்தவராக இருக்கும் வீட்டில் இக்கவலை வெறும் கற்பனை அன்று. ஆயினும் இதுவரை குழந்தைகளின் மௌனத்தால் பயனடைந்தவர்கள் யார் என்று பார்த்தால், சட்டத்தின் பக்கமே நிற்கவேண்டியிருக்கிறது. இரகசியம் என்பது துன்புறுத்தியவர் குழந்தைக்குப் பூட்டிய விலங்கு. அதே விலங்கை உதவ வந்தவரும் பூட்டலாகாது.

ஆகவே பயிற்சி பெற்றவர் இப்படிச் சொல்லப் பழகுகிறார்: ‘நீ சொல்வதைத் தேவையில்லாத எவரிடமும் சொல்ல மாட்டேன். உன்னைப் பாதுகாக்க ஒன்றிரண்டு பேரிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும். யாரிடம் சொல்கிறேன் என்பதை முதலில் உன்னிடம் சொல்லிவிடுவேன்.’ குழந்தை அன்றைக்குப் பேசாமல் போய்விடலாம். அப்போதும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் கலந்தாலோசிக்க வழியுண்டு. 1996-இல் மும்பையில் தொடங்கிய அச்சேவை இப்போது 112 என்ற அவசர எண்ணுடன் இணைக்கப்பட்டு அரசு வழியாக நடைபெறுகிறது.

சொன்னதை மறுக்கும் குழந்தை

ரோலண்ட் சம்மிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1983-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், வீட்டிற்குள் துன்புறுத்தப்படும் குழந்தைகளின் நடத்தையில் தாம் கண்ட ஐந்து கூறுகளை விவரித்தார். இரகசியம், கையறுநிலை, தப்ப வழியின்றி இணங்கிப்போதல், காலம் தாழ்த்தித் தயக்கத்துடன் வெளிப்படுத்தல், இறுதியில் சொன்னதை மறுத்தல். இவற்றுள் ஐந்தாவதுதான் நம்மைத் திகைக்க வைப்பது. அம்மா அழுகிறாள், வீட்டில் அடுப்பு எரியவில்லை, உறவினர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ‘நான் பொய் சொன்னேன்’ என்று குழந்தை கூறிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று தோன்றுகிறது. இதை அறியாதவர், ‘பார்த்தீர்களா, குழந்தைகள் கதை கட்டுவார்கள்’ என்று கையைக் கழுவிவிடுவார். ஆனால் இக்கட்டுரையை உண்மையைக் கண்டறியும் கருவியாகக் கொள்வதும் தவறு. மறுத்தது பொய் சொன்னதற்கு அடையாளம் அன்று. மெய் சொன்னதற்கு நிரூபணமும் அன்று. தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. உடன் நிற்பவரின் வேலை, மறுத்த பிறகும் உடன் நிற்பது.

ஜூடித் ஹெர்மன் 1992-இல் வெளியிட்ட நூலில், காயம் ஆறுவதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கித்தல், மீண்டும் உலகத்தோடு உறவு கொள்ளுதல். இக்கட்டங்கள் நேர்க்கோட்டில் செல்வதில்லை என்றாலும், முதலாவது முதலாவதாகவே இருக்க வேண்டும். இரவில் அந்த மனிதர் இருக்கும் அதே வீட்டுக்குத் திரும்பும் குழந்தையிடம், பகலில் நினைவுகளைக் கிளறும் சிகிச்சை செய்வது பொருந்தாது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்கள், ஆலோசகர்கள், ஆசிரியர்கள், நீதித்துறையினர் முதலானோருக்குப் பயிற்சி அளிக்கும் ‘சம்வாத்’ என்ற தேசிய மையம், மத்திய அரசின் ஆதரவுடன் 2020-இல் தொடங்கப்பட்டது. பெயர் ஒரு நீண்ட ஆங்கிலத் தொடரின் சுருக்கம். ஆயினும் சம்வாதம் என்றால் உரையாடல் என்பது நம் வாசகர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். பயிற்சி ஒரு முறையோடு முடிவதில்லை என்பதே இத்தகைய மையங்களிலிருந்து மற்றவர்கள் கற்கவேண்டியது. தாம் சந்தித்த சிக்கல்களைப் பணியாளர் மூத்தவர் ஒருவரிடம் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து பேச வேண்டும். பிறர் காயங்களைத் தொடர்ந்து கேட்பவரின் உள்ளமும் நாளடைவில் காயமுறும். மக்கான், பெர்ல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-இல் இதற்கெனவே ஒரு பெயர் சூட்டினார்கள். தன்னலமற்ற சேவை செய்பவருக்குக் களைப்பு வரலாகாது என்று நம் அமைப்புகளில் சிலர் நினைப்பதுண்டு. அந்நினைப்பு நல்ல தொண்டர்கள் பலரைச் சில ஆண்டுகளில் கடுகடுப்பானவர்களாக்கிவிடுகிறது.

நீதிமன்றம் வரை

விசாரணை தொடங்கியது முதல் வழக்கு முடியும் வரை குழந்தையுடன் இருப்பதற்காக, குழந்தைகள் நலக் குழு ஒரு துணைநபரை நியமிக்கலாம் என்று விதிகள் கூறுகின்றன. அவர் உதவி கிடைக்கும் என்பதையும் அதைக் கோரும் உரிமையையும் ஒவ்வொரு வழக்கிலும் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. துணைநபர் வழக்கறிஞர் அல்லர். குழந்தை என்ன சாட்சி சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுக்கவும் கூடாது. அவருடைய வேலை சிறு சிறு காரியங்களால் ஆனது. வாக்குமூலம் வாங்க வரும் காவல் அதிகாரி சீருடை அணிந்திருக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவர் காவல்துறையின் கடிதம் கேட்டுச் சிகிச்சையைத் தாமதப்படுத்தினால், அப்படிக் கேட்க விதியில் இடமில்லை என்று பணிவுடன் எடுத்துச்சொல்ல வேண்டும்.

சாட்சி சொல்லும் நாளுக்கு முன்னதாக, அனுமதி பெற்று, ஆளில்லாத நீதிமன்ற அறைக்கு ஒரு முறை குழந்தையை அழைத்துச் சென்று காட்டுவது நல்லது. நீதிபதி எங்கே அமர்வார், தான் எங்கே இருக்கும், குடிக்கத் தண்ணீர் எங்கே என்று அது பார்த்துக்கொள்ளட்டும். வழக்கறிஞர்கள் கேள்விகளை நீதிபதியிடம் தருவார்கள், நீதிபதிதான் தன்னிடம் கேட்பார், களைத்தால் இடைவேளை கேட்கலாம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், குற்றம் சாட்டப்பட்டவர் தன் கண்ணில் படாதவாறு ஏற்பாடு இருக்கும் என்பவற்றை அதற்குப் புரியும் மொழியில் கூற வேண்டும். இவையெல்லாம் 33, 36-ஆம் பிரிவுகளில் இருப்பவை. ஓராண்டுக்குள் இயன்றவரை விசாரணையை முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் பல வழக்குகள் அதைத் தாண்டிப் போகின்றன என்பதை மறைக்காமல் குடும்பத்திடம் சொல்லிவைப்பது நேர்மை.

சாட்சியம் முடிந்ததும் எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள். தீர்ப்பு பல மாதங்கள் கழித்து வருகிறது. அதைக் குழந்தைக்குச் சொல்வதும் துணைநபரின் வேலையே. குற்றவாளி தண்டிக்கப்பட்டால் சொல்வது எளிது. போதிய ஆதாரமில்லை என்று விடுவிக்கப்பட்டால், நீதிமன்றம் கேட்கும் ஆதாரத்தின் அளவு மிகப் பெரியது என்றும், அது கிடைக்கவில்லை என்பதற்கு ‘நீ பொய் சொன்னாய்’ என்று பொருளல்ல என்றும் குழந்தையின் அருகில் அமர்ந்து விளக்க வேண்டும். ஒரு முறை சொன்னால் போதாது. அடுத்த வாரம் மீண்டும் சென்று, அது என்ன புரிந்துகொண்டிருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.