சேஷன் தந்த தண்ணீர்

கேள்வி: சிதம்பரம் கோயிலில் இடுப்புக்குக் கீழே பாம்பு உடலோடு கைகூப்பியிருப்பவர் யார்? (வாசகர், நெய்வேலி)

பதில்: பதஞ்சலி முனிவர். ஆதிசேஷனே நடராஜரின் ஆட்டத்தைக் காண இப்படிப் பிறந்து வந்தார் என்கிறது தலபுராணம். கூட இருப்பவர் புலிக்கால் முனிவர் வியாக்கிரபாதர். பதஞ்சலியின் தலைக்கு மேல் விரிந்த படத்தை நின்று பாருங்கள். மழையில் புத்தருக்குக் குடையானதும் முசலிந்த நாகத்தின் படம்தான். அதே வளாகத்தில் கோவிந்தராஜப் பெருமாளுக்குச் சேஷனே படுக்கை. அஞ்ச வேண்டிய பாம்பைக் காவலாக்கிய அந்த மனம் எனக்குத் தீராத வியப்பு.

கடலூரை அடுத்த திருவந்திபுரத்துக்கும் போய் வாருங்கள். பழைய பெயர் திருவஹீந்திரபுரம். அஹீந்திரன் என்றால் பாம்பரசன். பெருமாளின் தாகம் தீர்க்கச் சேஷன் வாலால் அடித்து வரவழைத்ததாகச் சொல்லும் கிணற்றில், பக்தர்கள் இன்றும் உப்பு, மிளகு, வெல்லம் போடுகிறார்கள்.