இடர்கால உதவியை எந்தக் கோல்கொண்டு அளப்பது?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆந் திகதி மாலை ஆறு மணிக்கு இலங்கை முழுவதிலும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. அதே வெள்ளிக்கிழமை பிரித்தானியாவின் நிதியமைச்சர் ரிஷி சுனாக், கொரோனா நோயினால் வேலை நின்றுபோன தொழிலாளரின் சம்பளத்தில் நூற்றுக்கு 80 வீதத்தை, மாதம் 2,500 பவுண் வரையில், அரசாங்கமே கொடுக்கும் என்று அறிவித்தார். இவ்விரண்டு செய்திகளும் ஒரே குடும்பத்துக்கு வந்து சேர்ந்த வீடுகள் எம்மிடையே பல. மகன் இலண்டனில் கடைச் சிப்பந்தி. தகப்பன் இங்கே கடற்றொழிலாளி. மகனுக்கு வீட்டிலிருக்கச் சம்பளம். தகப்பனுக்கோ 5,000 ரூபா.

இதைப் பார்த்து, எமது அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று தீர்த்துவிடுவது எளிது. பணக்கார நாட்டோடு எம்மை ஒப்பிடுவது நியாயமல்ல என்று வாயடைப்பதும் எளிதே. இரண்டும் தொகையை மட்டும் பார்த்துச் சொல்லும் தீர்ப்புகள். தொகையும் வேண்டியதுதான், அதைப் பார்த்துவிட்டு அப்பாலும் போவோம்.

அக்காலத்தில் 2016ஆம் ஆண்டின் சட்டப்படி தேசிய ஆகக் குறைந்த சம்பளம் மாதம் 10,000 ரூபா. ஆகவே ஏப்பிரலிலும் மே மாதத்திலும் கொடுக்கப்பட்ட 5,000 ரூபா அதிற் சரிபாதி. நான்கு பேருள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 42 ரூபா வரும். அரிசிக்கும் பருப்புக்கும் ஒருவாறு போதும்; வீட்டு வாடகைக்கும் அடைவு வட்டிக்கும் போதாது. எனினும் ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். அந்தக் காசு சில வாரங்களுக்குள் வந்தது. ஊரடங்கு வேளையிலே கிராம உத்தியோகத்தரும் சமுர்த்தி உத்தியோகத்தரும் வீடு வீடாகச் சென்று கொடுத்தார்கள். பசித்தவனுக்கு இன்று கிடைக்கும் சிறு தொகை, மூன்று மாதஞ் சென்று கிடைக்கும் பெருந்தொகையிலும் மேலானது. பிரித்தானியாவிலே சுயதொழில் செய்வோருக்கான திட்டம் மார்ச் 26இல் அறிவிக்கப்பட்டது. விண்ணப்பம் ஏற்கத் தொடங்கியதோ மே 13இல்.

பட்டியலில் யார்?

இடர் வந்த பின்னர் எந்த அரசாங்கமும் புதிதாக மக்களை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. முன்னரே எழுதி வைத்திருந்த பட்டியலைத்தான் கையிலெடுக்கும். பிரித்தானியாவிடம் வருமான வரிப் பட்டியல் இருந்தது. எம்மிடம் இருந்தது சமுர்த்திப் பட்டியல். உதவி எவ்வளவு தூரம் சென்றது என்பதை இந்தப் பட்டியல்களே பெரும்பாலும் தீர்மானித்தன.

வரிப் பட்டியலில் இருந்தவர்களுக்குப் பிரித்தானியா தாராளமாகவே கொடுத்தது. சம்பளத் திட்டம் 2021 செப்டெம்பர் 30 வரை நடந்து, ஒரு கோடியே 10 இலட்சத்துக்கு மேற்பட்ட வேலைகளைத் தாங்கியது. சுயதொழிலாளருக்கு முந்திய மூன்று வருட இலாபத்தின் சராசரியிலே 80 வீதம், முதல் மூன்று மாதங்களுக்கு 7,500 பவுண் வரையில் ஒரே தடவையாகக் கிடைத்தது. ஆயின் 2019 ஏப்பிரலுக்குப் பின் தொழில் தொடங்கியவருக்கு ஒரு சதமும் இல்லை. அவருடைய கணக்கு அப்போது பட்டியலில் இல்லை. வருமானத்திற் பாதிக்குக் குறைவாகவே சுயதொழிலிற் பெற்றவருக்கும், இலாபம் வருடம் 50,000 பவுணைத் தாண்டியவருக்கும் இல்லை. மகப்பேற்றுக்காக ஓய்ந்திருந்த மாதங்களும் சராசரியிற் சேர்க்கப்பட்டதால் சில தாய்மாருக்குத் தொகை குறைந்தது. மறுபுறத்தில், தொழில் சற்றே பாதிக்கப்பட்டு முன்போல உழைத்துக்கொண்டிருந்தவர்களும் முதற் கொடுப்பனவை முழுதாகப் பெற்றார்கள். செல்வந்த நாட்டுத் திட்டமென்பதால் அது குறையற்றதாகிவிடவில்லை.

எம்மிடத்திலே நிலைமை வேறு. உழைப்போரில் ஏறத்தாழ மூன்றிலொருவர் தம் கையை நம்பியே தொழில் செய்கிறவர்கள். சமுர்த்தி பெறுவோருக்கும், காத்திருந்தோர் பட்டியலில் உள்ளோருக்கும், முதியோர் கொடுப்பனவு பெறுவோருக்கும் காசு சுலபமாகப் போய்ச் சேர்ந்தது. அன்றாடத் தொழிலை இழந்தவர்களைக் கிராம மட்டத்திலே தேடிச் சேர்க்கவும் முயற்சி எடுக்கப்பட்டது. ஆனால் ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பம் இருந்தால் பதிவில் அது ஒரு குடும்பமே. மன்னாரிலோ மட்டக்களப்பிலோ பெயர் பதிந்துவிட்டுக் கொழும்பில் அறையெடுத்துக் கூலிவேலை செய்தவன், ஊரிலும் இல்லை, இருக்குமிடத்துப் பதிவிலும் இல்லை.

மாதச் சம்பளக்காரருக்கு வேறோர் ஏற்பாடு நடந்தது. தொழில் அமைச்சும், முதலாளிமாரும், தொழிற்சங்கங்களும் கூடி, வேலையின்றி வீட்டிலிருப்போருக்கு அடிப்படைச் சம்பளத்திற் பாதி அல்லது 14,500 ரூபா, இவற்றிற் கூடியதைக் கொடுப்பதென இணங்கின. மே, ஜூன் மாதங்களுக்கென்று தொடங்கிய இணக்கம் பின்னரும் நீடிக்கப்பட்டது. நல்ல இணக்கந்தான். கொடுத்தது யார் என்பதைக் கவனியுங்கள். பிரித்தானியாவிலே திறைசேரி கொடுத்ததை இங்கே முதலாளி தன் பையிலிருந்து கொடுக்கவேண்டியிருந்தது. பெரிய ஆடைத் தொழிற்சாலைக்கு அது இயலும். மூன்று பெண்களை வைத்துத் தையற்கடை நடத்துகிறவளுக்குத் தன் அடுப்பே எரியாதபோது பாதிச் சம்பளம் எங்கிருந்து வரும்? வேலையிழந்தோருக்கான காப்புறுதி நிதியொன்று சட்டமூலம் முன்னரே இருந்திருப்பின் இச்சுமை இப்படி விழுந்திராது.

ஓட்டோக்காரருக்குக் கிடைத்ததோ தவணைச் சலுகை. லீசிங் கட்டணத்தை ஆறு மாதம் பிற்போட மத்திய வங்கி பணித்தது. வண்டியைப் பறிகொடுக்காமற் பலர் தப்பினர். அதற்காக நன்றி சொல்லலாம். ஆனால் தவணை தள்ளிப்போனதேயன்றி வட்டி தள்ளுபடியாகவில்லை. கடனைப் பிற்போடுவதையும் கையிற் காசு கொடுப்பதையும் ஒரே கணக்கில் எழுதி “நிவாரணம்” என்று கூட்டிச் சொல்லும் வழக்கம் எல்லா அரசாங்கங்களுக்கும் உண்டு. நாம் பிரித்தே பார்க்கவேண்டும்.

இழப்பு ஊரடங்கோடு முடியவில்லை

கடற்றொழிலாளரின் கதை இதற்கு நல்ல சான்று. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் நோய் பரவியதும் சந்தை மூடப்பட்டது. மீனில் நோயென்று சனங்கள் பயந்தார்கள். மீன் விலை சரிந்தது. முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் நவம்பரிலே பத்திரிகையாளர் முன் பச்சை மீனைக் கடித்துக் காட்டவேண்டிய அளவுக்கு நிலைமை போயிற்று! அந்நாட்களில் வடபகுதியிற் கடலுக்குப் போகத் தடையில்லை. ஆகவே கணக்கின்படி அவன் தொழிலிழந்தவனல்லன். பிடித்த மீன் எண்ணெய்ச் செலவுக்குக்கூட விலைபோகாதபோது அவன் எந்தப் பட்டியலில்?

இத்தகையோரைப் பற்றித்தான் மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2020 ஏப்பிரல் 12, உயிர்ப்புத் திருநாளன்று மக்கள் இயக்கங்களுக்கு எழுதிய கடிதத்திற் பேசினார். தெரு வியாபாரிகள், சிறு விவசாயிகள், கட்டிடத் தொழிலாளர், தையற்காரர் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, நிலையான வருமானமும் சட்டப் பாதுகாப்பும் அற்ற இவர்களுக்கு அடிப்படை வருமானமொன்றை உறுதிசெய்வதுபற்றிச் சிந்திக்கும் வேளை இதுவாகலாம் என்றார். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் 1981இல் வெளியிட்ட தொழில்பற்றிய சுற்றுமடலிலே, வேலையற்றோருக்கு உதவுவது தர்மமன்று, கடமையென்றே எழுதியிருந்தார். உதவி பெற வரிசையில் நின்றதற்காக எவரும் வெட்கப்படத் தேவையில்லை.

கடமையென்றால் செலவுக்குப் பணம் எங்கே என்ற கேள்வியையும் நேர்மையாகக் கேட்கவேண்டும். 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. நோய் வந்தபோது திறைசேரி ஏற்கனவே இளைத்திருந்தது. 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென நாடு அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி முந்திய வருடத்தைவிட 70 வீதமளவில் ஏறியிருந்தது. காரணங்கள் பல. ஆயினும் சேமித்து வைக்காத திறைசேரியின் கடனை விலையேற்றத்தின் வழியே முதலிற் கட்டியவன் நாட்கூலிக்காரனே.

2023 ஜூலையிலிருந்து சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக “அஸ்வெசும” வந்துள்ளது. பட்டியல் புதிது, அது அளப்பது வீடு, வாகனம், மின்சாரம் போன்ற அடையாளங்களால் அறியப்படும் வறுமையை. வள்ளமும் இயந்திரமும் வைத்திருக்கும் கடற்றொழிலாளி அதிலே வசதியுள்ளவனாகத் தோன்றக்கூடும்; சந்தை மூடப்பட்டால் மறுநாளே அவன் வெறுங்கையன். அவனுக்காவது வள்ளப் பதிவு இருக்கிறது. சீவல் தொழிலாளிக்குக் கூட்டுறவுச் சங்க அங்கத்துவம் இருக்கிறது. ஓட்டோவுக்கு இலக்கம் இருக்கிறது. வீட்டு முற்றத்தில் அப்பம் சுட்டு விற்பவளின் தொழில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவளை அறிந்தவர்கள் அயலவரும் பங்கின் வின்சென்ட் டி போல் சபையினருமே. அவளுடைய பெயரையும் தொழிலையும் கிராம உத்தியோகத்தரிடம் பதிவுசெய்யவேண்டிய காலம் நோயில்லாத இக்காலமே.