ஆராதனை இசையில் பேஸ் கிதார்

நம் சங்கத்தின் பொங்கல் மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர் கேட்டபோது, "பௌதிகம் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "யார் படிப்பார்கள்? ஞாயிறுதோறும் தோளில் தூக்கிக்கொண்டு போகிறாயே, அந்த நீளக் கிதாரைப் பற்றி எழுது" என்றார். அவர் சொற்படியே எழுதுகிறேன். ஆனால் பௌதிகமும் கூடவே வரும். அதை விட்டுவிட்டு இந்தக் கருவியை வாசித்தால் என்ன நேரும் என்பதை ஒரு மாலைப்பொழுது எனக்குக் கற்பித்தது.

முதலில் கருவியைப் பார்ப்போம். சாதாரணக் கிதாருக்கு ஆறு தந்திகள். பேஸ் கிதாருக்குப் பெரும்பாலும் நான்கு. சாதாரணக் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு 82 முறை அதிரும். பேஸ் கிதாரின் தாழ்ந்த தந்தி 41 முறையே அதிரும். அதாவது சரியாக ஒரு ஸ்தாயி கீழே. மற்ற மூன்றும் முறையே 55, 73, 98. தந்தியின் நீளத்தை மட்டும் மாற்றி ஒரு ஸ்தாயி இறங்க வேண்டுமானால் 65 செ.மீ. தந்தி 130 செ.மீ. ஆக வேண்டும், கை எட்டாது. ஆகவே நீளத்தை ஏறத்தாழ 86 செ.மீ. அளவில் நிறுத்திவிட்டு, தந்தியைக் கனமாக்கினார்கள். தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 2.7 மி.மீ. தடிப்பு உள்ளது. அத்தனை தடிப்பில் ஒரே கம்பியாக இருந்தால் அது வளையாத கோலாகிவிடும். எனவே நடுவில் மெல்லிய எஃகு இழை வைத்து, அதன்மேல் வேறு கம்பியைச் சுற்றியிருக்கிறார்கள்.

இதன் மூதாதை, ஆள் உயரத்திற்கு நின்றுகொண்டு வாசிக்கும் டபுள் பேஸ். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. 1930-களிலேயே அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் என்பவர் கிதாரைப்போல் பிடித்து வாசிக்கும் மின்சார பேஸ் ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. 1951-இல் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் வெளியிட்ட கருவியே உலகெங்கும் பரவியது. வீணைக்கு இருப்பதுபோல் மெட்டுகள் வைத்ததால் சுரம் தவறுவது குறைந்தது. வீணையின் மெட்டுகள் மெழுகில் நிற்பவை. இங்கே அவை கழுத்து மரத்தில் பதிந்த கம்பிகள். ஒரு மெட்டு ஏறினால் அரைச்சுரம் உயரும். முதல் மெட்டுக்கும் தலைப்பக்கத்து முனைக்கும் இடையே ஏறத்தாழ 4.8 செ.மீ. இருக்கும். புதிதாகக் கற்பவன் விரல்கள் முதல் மாதத்தில் நோவதற்குக் காரணம் இதுவே.

மின்சாரம் இல்லாமல் மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டுமே கேட்கும். தந்திகளுக்கு அடியில் காந்தங்களும் அவற்றைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள்களும் இருக்கின்றன. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831-இல் பாரடே கண்ட அதே தூண்டல்தான். பட்டப்படிப்பு ஆய்வகத்தில் கால்வனாமீட்டர் முள் அசைவதைப் பார்த்து மதிப்பெண் வாங்கினோமே, அந்த முள்ளுக்குப் பதிலாக இங்கே ஒலிபெருக்கி இருக்கிறது.

இனி, இந்தக் கருவியின் வேலை என்ன? கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் நண்பர்களுக்கு இது விளங்குவது கடினம். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் 41 அதிர்வு வெளிவருவதே இல்லை. அதன் மடங்குகளான 82, 123 முதலியவை கேட்கும்போது, காணாமற்போன அடிச்சுரத்தைக் காது தானே ஊகித்துக்கொள்கிறது.

வேலையை ஒரு சிறு சோதனையால் காட்டுகிறேன். கீபோர்டு உள்ள நண்பர் யாரேனும் ஒருவர் நடு ஸ்தாயி சட்ஜத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். அதற்குக் கீழே, தாழ்ந்த ஸ்தாயியில் சட்ஜத்தையே வாசியுங்கள். பாட்டு வீடு வந்து சேர்ந்ததுபோல் இருக்கும். மேல்சுரத்தை விடாமலே, கீழே சதுசுருதி தைவதத்தை வாசியுங்கள். ஒரு சோகம் படரும். கீழே சுத்த மத்திமத்தை வாசியுங்கள். கதவு ஒன்று திறந்ததுபோல் விரியும். மேலே பாடுகிறவர் எதையும் மாற்றவில்லை. அவர் பாடும் சுரத்திற்கு என்ன பொருள் என்பதைக் கீழே இருக்கும் சுரம் தீர்மானிக்கிறது. கிதார்காரர் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் கிதார்காரர் தவறினார் என்பார்கள். பேஸ்காரன் தவறினால், "இன்றைக்குப் பாட்டே சரியில்லையே" என்பார்கள். யார் தவறினார் என்பது தெரியாது.

நான் இதைக் கற்றது ஊரில் அன்று. நெல்லைப் பக்கத்தில் எங்கள் கோயிலில் ஆர்மோனியமும் தபேலாவுமே உண்டு. 2022-இல் மேற்படிப்புக்காகத் தில்லிக்கு வந்த பிறகு, விடுதியில் மூத்த மாணவர் ஒருவர் தம் பழைய பேஸ் கிதாரை எனக்கு விற்றுவிட்டுப் போனார். நான் போகும் தேவாலயத்தில் மற்ற வாரங்களில் இந்தியும் ஆங்கிலமும்; மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை மட்டும் தமிழ் ஆராதனை. அதற்கு நகரின் நான்கு மூலைகளிலிருந்தும் நம்மவர் வருவர். இரண்டு பேருந்து மாறி வரும் முதியவர்களும் உண்டு. மாதம் முழுவதும் வேற்று மொழியில் வாழ்ந்துவிட்டு, அந்த ஒன்றரை மணி நேரம் வாய்விட்டுத் தமிழில் பாடுவதற்கே அவர்கள் வருகிறார்கள். அதை நான் அப்பொழுது எண்ணிப் பார்க்கவில்லை.

2023 டிசம்பர் மாத ஆராதனையில் மோகன ராகத்தில் அமைந்த ஒரு பழைய கீர்த்தனை. சுருதி மூன்று கட்டை. அந்நாள்களில் நான் டெட்ராயிட் நகரத்து ஜேம்ஸ் ஜேமர்சனை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். 1960-களில் மோடவுன் நிறுவனத்தின் எத்தனையோ புகழ்பெற்ற பாட்டுகளில் பேஸ் வாசித்தவர்; வலக்கையின் ஒற்றை ஆள்காட்டி விரலாலேயே தந்தியைச் சுண்டியவர். ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்திற்கு அவர் போகும் வழியில் நான்கைந்து சுரங்கள் பூத்துக் கிடக்கும். நானும் அப்படியே பூக்கவைத்தேன். முதல் சரணத்தில் சபையார் பாடினார்கள். இரண்டாவதில் குரல்கள் தேய்ந்தன. மூன்றாம் சரணத்தில் மேடையில் ஒலிவாங்கி பிடித்திருந்த நால்வர் மட்டுமே பாடினர். மற்றவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

ஆராதனை முடிந்ததும், சுவரோர இருக்கையில் வழக்கமாக அமரும் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். கோபமில்லை. "தம்பி, அறுபது வருஷமாய்ப் பாடுகிற பாட்டு. இன்றைக்கு எங்கே பிடிப்பது என்று தெரியவில்லையே" என்றார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. மறுவாரம் ஒத்திகைக்கு முன்பே போய், ஓர் அளவு நாடாவும் சில பலூன்களும் வைத்துக்கொண்டு கட்டடத்தை ஆராயத் தொடங்கினேன். கோயில் பணியாளர் என்னை ஐயத்தோடு பார்த்தது உண்மை.

பலூனை உடைத்து, ஒலி தேய்வதைக் கைப்பேசியில் பதிந்து பார்த்தேன். ஓர் ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய எடுக்கும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்பார்கள். கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உள்ள அந்தக் கூடத்தில் அது ஏறத்தாழ இரண்டு வினாடி. தாழ்ந்த அதிர்வுகளுக்கு இன்னும் அதிகம். அன்றைய பாட்டின் வேகம் நிமிடத்திற்கு 72 தட்டு. நான் தட்டுக்கு இரண்டு சுரம் வாசித்தேன். ஒரு சுரத்திற்கு 0.42 வினாடி. அப்படியானால் ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்த நான்கு சுரங்கள் அதன்மேல் வந்து விழுகின்றன. நான் பூ என்று நினைத்தது கூடத்தில் சேறாயிற்று. ஜேமர்சனின் கருவியோ பெரும்பாலும் கம்பி வழியாக நேரே பதிவுப் பலகைக்குப் போனது; அவருக்கும் கேட்பவருக்கும் இடையே கல் சுவர் இல்லை.

"ஒத்திகையில் நன்றாகத்தானே இருந்தது?" என்று கேட்கலாம். ஒத்திகையில் கூடம் காலி. ஆராதனையன்று தில்லிக் குளிரில் எல்லோரும் கம்பளிச் சட்டையும் சால்வையுமாக வந்திருந்தார்கள். கம்பளி உயர்ந்த ஒலிகளை நன்றாக உறிஞ்சும். 41 அதிர்வை அது ஒன்றும் செய்யாது. ஆகவே ஆள் கூடக்கூடச் சொற்களின் தெளிவு உறிஞ்சப்பட்டு, என் முழக்கம் மட்டும் மிஞ்சியது.

இன்னொன்றும் இருந்தது. கூடத்தின் அகலம் 12.5 மீட்டர். மூன்று கட்டைச் சட்ஜம் என்பது பேஸ் கிதாரின் தாழ்ந்த தந்தியை மெட்டுத் தொடாமல் மீட்டுவதுதான். ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர் என்று கொண்டால் அதன் அலைநீளம் 8.25 மீட்டர். 12.5-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். சுவருக்குச் சுவர் ஒன்றரை அலை வந்து உட்காருகிறது. இத்தகைய நிலை அலையில் அழுத்தம் மிகுவது சுவரோரத்தில். நடுக்கோட்டில் அது ஏறக்குறைய இல்லை. என் ஒலிபெருக்கி சுவர் மூலையில் இருந்தது. நான் நின்றது நடுவே, டிரம் பக்கத்தில். என் சட்ஜம் எனக்கே கேட்காததால் குமிழைத் திருகித் திருகி ஒலியைக் கூட்டினேன். அது முழுவதும் சுவரோர இருக்கையில் இருந்த பெரியவர் தலையில் விழுந்தது. தூண்களும் இருக்கைகளும் இந்தக் கணக்கைச் சற்றுக் கலைக்கும் என்பது மெய்யே. ஆனால் நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நான் சுவரோரம் போய் உட்கார்ந்தபோது, கணக்கு அவ்வளவாகக் கலையவில்லை என்று என் நெஞ்சுக்கூடே சொல்லிற்று.

பௌதிகத்தில் அடங்காத பிழை ஒன்று மிச்சம் இருந்தது. அதுவே பெரிய பிழை என்று இப்பொழுது கருதுகிறேன். மோகனத்தில் ச, ரி, க, ப, த என ஐந்தே சுரங்கள். மத்திமமும் நிஷாதமும் கிடையா. மேனாட்டுச் சுரக்கூட்டு முறையில் பழகிய கை, மூன்றாவது அடியில் தானாகவே மத்திமத்திற்குத் தாவும். மூன்று கட்டைச் சுருதியில் மத்திமம் இரண்டாம் தந்தி. அதற்கும் மெட்டுத் தொட வேண்டியதில்லை. எளிது என்பதாலேயே அடிக்கடி போனேன். ராகத்தில் இல்லாத ஒரு சுரத்தை, எல்லாச் சுரங்களுக்கும் அடியில் வைத்துச் சபையின் காலடியில் நகர்த்தினேன். பாமாலைப் பாட்டுகள் மேனாட்டு மெட்டில் பிறந்தவை. அவற்றுக்குச் சுரக்கூட்டு நகர்வது இயல்பு. ஆனால் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழியில் வந்த கீர்த்தனைகள் ராகத்தில் பிறந்தவை. அவற்றுக்கு வேண்டியது தம்பூராவைப்போல் நிலைத்து நிற்கும் ஆதாரம். இரண்டையும் ஒரே கையால் வாசிக்கலாம், ஒரே புத்தியால் வாசிக்க முடியாது.

அடுத்த மாதத்திற்குள் மாற்றங்கள் செய்தோம். முதியவர் குரலுக்கு ஏற்பச் சுருதியைப் பாடகர் குழுத் தலைவர் இரண்டு கட்டைக்கு இறக்கினார். அதனால் என் சட்ஜம் மூன்றாம் தந்திக்கு, 73 அதிர்வுக்கு ஏறியது. ஒலிபெருக்கியை மூலையிலிருந்து இழுத்து, ஒலியைக் குறைத்தேன். மோகனத்திற்குச் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும். டிரம்காரர் காலால் மிதிக்கும் பெரிய முரசோடு ஒரே கணத்தில் ஒரு சுரம், பிறகு உள்ளங்கையால் தந்தியை அடக்கி மௌனம். இந்த அடக்குதல்தான் கடினம். சுரத்தைத் தொடங்க மூன்று மாதத்தில் பழகலாம். முடிக்க எனக்கு இன்னும் வரவில்லை. கீபோர்டுத் தங்கையும் தன் இடக்கையைத் தாழ்ந்த பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ள இசைந்தாள். இருவர் ஒரே தரையைப் பெருக்க வேண்டியதில்லை அல்லவா?

2024 ஜனவரி ஆராதனையில் மூன்றாம் சரணம் வந்தபோது நான் தலை நிமிர்ந்து பார்த்தேன். பாடிக்கொண்டிருந்தார்கள். சுவரோரப் பெரியவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கண்ணை மூடிப் பாடினார். இது பேஸ் கிதாரால் விளைந்ததா, சுருதி இறங்கியதாலா என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. ஒரே சமயத்தில் நான்கைந்து காரணிகளை மாற்றிய சோதனை இது. என் ஆய்வக வழிகாட்டி கண்டால் குறிப்பேட்டைத் திருப்பி எறிவார். ஆனால் அந்தக் காரணிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க, இரண்டு பேருந்து மாறி வருகிறவர்களை நான் பயன்படுத்த மாட்டேன்.

மிகுதியாக வாசிப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ரான் கெனோலியின் 1992-ஆம் ஆண்டு ஆராதனை இசைப் பதிவில் ஆபிரகாம் லபோரியல் வாசிப்பதைக் கேளுங்கள். துள்ளிக் குதிக்கிறார், ஆனால் மக்கள் வாய் திறக்கும் இடத்தில் அவர் கை எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். அது கேட்டுத்தான் தெரியும். எழுதிக் காட்ட முடியாது.

கற்க விரும்பும் நண்பர்களுக்கு என் கருவி விடுதி அறையில் இருக்கிறது. சனி மாலை வாருங்கள். நகத்தை வெட்டிக்கொண்டு வருக. சட்ஜம் ஒரு தந்தியில் இருந்தால், பஞ்சமம் அடுத்த தந்தியில் இரண்டு மெட்டு மேலே. மேல் சட்ஜம் அதற்கடுத்த தந்தியில் அதே மெட்டில். இந்த மூன்று இடங்களைக் கண்டுகொண்டால் முதல் நாளே ஒரு கீர்த்தனைக்கு உடன் வாசிக்கலாம். ஒலிபெருக்கிக் கம்பி ஐந்து மீட்டர்தான் இருக்கிறது. பத்து மீட்டர்க் கம்பி யாரிடமேனும் இருந்தால் கொண்டுவருக. ஒத்திகையில் வாசித்துக்கொண்டே சுவரோர இருக்கை வரை நடந்து போக எனக்கு அது வேண்டும். இப்பொழுது இருப்பது நடுவழியில் இழுத்து நிறுத்திவிடுகிறது.