பெயரை வாலிலிருந்து படியுங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

பதினோராம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள், கரிமச் சேர்மத்தின் ஐயூபேக் பெயரைப் பார்த்ததுமே பேனாவை மூடிவிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். ஐம்பது பெயர்களைப் படத்தோடு மனப்பாடம் செய்ய வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தேர்வில் ஐம்பத்தோராவதைத்தான் கேட்பார்கள்!

ஒரே சேர்மத்துக்கு ஆளுக்கொரு பெயர் வழங்கிய குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1892-ல் வேதியியலாளர்கள் ஜெனீவாவில் கூடினார்கள். பெயரே அமைப்பைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர்கள் போட்ட அடித்தளம். அப்படியிருக்க, மனப்பாடத்துக்கு இங்கே என்ன வேலை?

பெயரை வாலிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். எலுமிச்சைப் புல் எண்ணெயின் மணத்துக்குக் காரணமான சிட்ராலையே எடுத்துக்கொள்வோம்: 3,7-டைமெத்தில்ஆக்டா-2,6-டையீனேல். கடைசியில் நிற்கும் 'ஏல்' ஆல்டிஹைடைக் குறிக்கிறது. அது சங்கிலியின் நுனியில்தான் இருக்க முடியும். அதனால் அதற்கு எண் தரவில்லை, அந்தக் கார்பனே 1. 'ஆக்டா' என்றால் சங்கிலியில் எட்டுக் கார்பன்கள். வளைந்து நெளிந்த கோடாக எட்டையும் போட்டு, உடனே எண்ணிட்டுவிட வேண்டும். '2,6-டையீன்' என்பதால் 2-க்கும் 3-க்கும் நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு, 6-க்கும் 7-க்கும் நடுவில் இன்னொன்று. மூன்றாம், ஏழாம் கார்பன்களில் ஆளுக்கொரு மெத்தில்.

ஹைட்ரஜன் கடைசியில்தான். போகிற போக்கில் எழுதிக்கொண்டே போகும் பிள்ளைகள்தான் கார்பனுக்கு ஐந்து கை முளைக்க வைக்கிறார்கள். எல்லாக் கிளைகளையும் மாட்டிய பிறகு, ஒவ்வொரு கார்பனுக்கும் நான்கு பிணைப்பு ஆகிறதா என்று பார்த்து, குறைகிற இடத்தில் மட்டும் நிரப்ப வேண்டும். இங்கே ஏழாம் கார்பனில் நான்கும் முடிந்துவிட்டது, ஹைட்ரஜனே கிடையாது. கூட்டிப் பார்த்தால் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன்; சிட்ராலின் மூலக்கூறு வாய்பாடும் அதுவே.

ஆர்வமிருந்தால் இதையும் காட்டுங்கள். 2-3 இரட்டைப் பிணைப்பைச் சுற்றி இரண்டு விதமாக அமையலாம். ஒன்று ஜெரானியல், மற்றது நெரால். ஆனால் 6-7-ல் அந்தப் பேச்சே இல்லை. ஏழாம் கார்பனின் இரண்டு கிளைகளும் மெத்தில்தான், இடம் மாற்றினாலும் வித்தியாசம் தெரியாது.

ஓர் எச்சரிக்கை. வினாத்தாளில் 2-எத்தில்பியூட்டேன் என்று கொடுத்திருந்தால், படம் தடையில்லாமல் வந்துவிடும். வந்த படத்தில் நீளமான சங்கிலியைத் தேடினால் ஐந்து கார்பன் கிடைக்கும். சரியான பெயர் 3-மெத்தில்பென்டேன். வரைந்ததற்குத் திரும்பப் பெயரிட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால்தான் இது பிடிபடும். என்னைக் கேட்டால், இந்தப் பாடத்தில் பயிற்சி என்று சொல்லத் தக்கது அது ஒன்றுதான்.

மகளுக்கு ஒரு வேலை தருகிறேன்: 4-ஹைட்ராக்சி-3-மீத்தாக்சிபென்சால்டிஹைடு. ஐஸ்கிரீமில் அவளுக்குப் பழக்கமான வாசனைதான். புத்தகத்தைத் திறக்காமல் வரைந்து அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வேதியியல் ஆசிரியர்