பொதிகளைப் பேணும் தொண்டர்

ஓசூர்த் தொழிற்பேட்டையிற் பற்பல பட்டறைகள் இயற்றும் உறுப்புக்கள் கூடி ஒரு வண்டியாதலை நாம் அறிவோம். கணினியை இயக்கும் லினக்ஸ் வழங்கலும் அவ்வாறு பலர் ஆக்கிய மென்பொருட்களின் தொகுதியே. 1993-ஆம் ஆண்டில் ஐயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்னும் வழங்கலிற் பல்லாயிரம் பொதிகள் உள. அவற்றைப் பேணுவோர் பெரும்பாலும் ஊதியங் கருதாத் தொண்டரே. பிறர் எழுதிய நிரலைப் பொதியாக்குதல், அதற்கு வேண்டுந் துணைப்பொதிகளைக் குறித்தல், பிழை களைதல் ஆகியன அவர்தங் கடமையாம். பேணுவாரற்ற பொதியை 'அநாதை' என்பர். 2023-இல் இவர்தம் உலக மாநாடு கொச்சியிற் கூடிற்று.

பேணுவார் தளரின் விளைவதென்னை? எக்ஸ்-இசட் என்னுஞ் சுருக்கக் கருவியை ஒருவரே நெடுங்காலம் பேணிவந்தார். அவர் சோர்ந்தகாலை உதவுவார்போல் அணுகிய ஒருவர், ஈராண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை ஈட்டி, 2024-இல் அதனுட் கள்ளவாயில் அமைத்தார். டெபியனின் நிலைபெறாப் பதிப்பில் உள்நுழைவு அரைநொடி தாமதித்தமை கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் அவ்வஞ்சத்தை வெளிப்படுத்தினார். நிலைபெற்ற பதிப்புத் தப்பிற்று.

ஏடுகளைப் பெயர்த்தெழுதினோர் இலரேல் பழந்தமிழ் நூல்கள் செல்லரித்தொழிந்திருக்கும் அன்றோ? ஆக்கியோனைப் புகழும் நாம் காப்போனைத் தனியே விடுதல் தகாது. ஆகலின், மாணவராகிய நாம் ஒரு பொதியையேனும் ஏற்று, உண்மையுள்ள உக்கிராணக்காரராய்ப் பேணுவோமாக.