வெயில் வாயுவை உடைக்குமா?

கேள்வி: ஒளி பட்டால் வாயு மூலக்கூறுகள் உடையுமாமே! வெப்பமும் அழுத்தமும் கூடினால் இன்னும் வேகமாக உடையுமா? எங்கள் தோல் தொழிற்சாலைகளின் வாடையை வெயில் போக்கிவிடுமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: உடைப்பது ஒளிதான், வெப்பம் துணை செய்கிறது. லாரிப் புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடை, சுமார் 400 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீள ஒளி உடைக்கும். சூடான மூலக்கூறு ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருப்பதால், சற்றே வலுக்குறைந்த ஒளியும் அதற்குப் போதும். ஆனாலும் 25 டிகிரியிலிருந்து வேலூர்க் கோடையின் 40 டிகிரிக்கு ஏறும்போது வரும் மாற்றம் சிறியதே.

அழுத்தத்தின் விளைவு வாயுவுக்கு வாயு மாறும். நைட்ரஜன் டை ஆக்சைடு ஒளியை வாங்கியதும் பிளந்துவிடும், அழுத்தம் தடுக்காது. கரைப்பானான அசிட்டோனின் ஆவி சற்றுத் தாமதிக்கும். அதற்குள் பக்கத்து மூலக்கூறுகள் மோதி ஆற்றலைப் பறித்துக்கொள்ளும். ஆகவே அழுத்தம் கூடினால் அசிட்டோன் உடைவது குறையும்.

தோலில் முடி நீக்கச் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவில் அமிலம் கலந்தால் வாடை வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அதை உடைக்கவல்ல புற ஊதாக் கதிரை ஓசோன் படலம் மேலேயே தடுத்துவிடுகிறது. தரையருகே, ஒளியில் ஓசோன் உடைந்து நீராவியோடு வினைபுரிவதால் பிறக்கும் ஹைட்ராக்சில்தான் அதை அழிக்கிறது. அதற்கு நாள்கணக்கில் ஆகும்.

மூடிய கழிவுத் தொட்டிக்குள் அந்த வழியும் இல்லை. செறிவு மிகுந்தால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாயுவை அளக்காமல் யாரையும் அதற்குள் இறக்காதீர்கள்.